‘நாக்கு’ என்று எழுதிய காப்பி டப்பா

அனுப்புநர்:
லெலண்ட் ஹௌகன் (வயது 63),
செயலாளர், டன்மோர் துப்பாக்கிச் சங்கம்,
ஹௌகன் பண்ணை, ட்ரை ஃபோர்க் சாலை,
டன்மோர், மொன்டானா.

பெறுநர்:
உயர்திரு கர்ட் டால்பெர்க் அவர்கள்,
ஷெரீஃப், ஆல்டர் க்ரீக் மாவட்டம்,
டன்மோர்.

பொருள்: திருமதி நோரீன் வாசெக் மீது நான் கொடுத்த திருட்டுப் புகாரை நானே திரும்பப் பெறுவது – அவர் கடையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ஏழு காப்பி டப்பாக்களையும் அவரிடமே ஒப்படைக்கக் கோருவது – உரிமையாளர்களை அழைக்கும் அறிவிப்பை உடனே கிழித்தெறியக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. எனது புகார், நாள் 21.10.2019 (மூன்று பக்கம், நீளத்துக்கு மன்னிக்கவும்).
2. தங்கள் அலுவலகக் கதவில் ஒட்டியுள்ள அறிவிப்பு, நாள் 4.11.2019.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை ஒன்றில் கண்ட புகாரில், டன்மோரில் மான் இறைச்சி வெட்டிக் கொடுக்கும் கடை நடத்தும் திருமதி நோரீன் வாசெக், எனக்குச் சொந்தமான துப்பாக்கிப் பாகங்கள் நான்கைத் திருடி வைத்துக்கொண்டு திருப்பித் தர மறுக்கிறார் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அந்தப் புகாரில் என் பெயரும் முகவரியும் தேதியும் மட்டுமே உண்மை. மற்றதெல்லாம் எப்படிப் பொய்யானது என்பதைக் கீழே எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படிக்கவும். ஷெரீஃப் பதவிக்குத் தாங்கள் தேர்தலில் நின்றபோது தங்கள் உரைகளை நான் கடைசி வரை கேட்டிருக்கிறேன் என்பதையும் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

2. தாங்கள் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர். தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் இம்மனு மாவட்ட அரசு வழக்கறிஞரிடமும் போகும். அவர் மிசூலா நகரிலிருந்து வந்து ஓராண்டுதான் ஆகிறது, இதுவரை அவர் சுட்டது கேமராவில் மட்டுமே என்று கேள்வி. ஆகவே அவருக்காக எழுதுகிறேன். வேட்டை ரைபிளில் போல்ட் என்று ஒன்று உண்டு. குண்டை உள்ளே தள்ளிப் பின்பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் இரும்புத் துண்டு. உள்ளங்கையை விடச் சற்று நீளம். அதை உருவி எடுத்துவிட்டால் ரைபிள் வெறும் தடி. கைத்துப்பாக்கியில் குண்டுகள் செருகும் உருளையைக் கழற்றிவிட்டால் அதுவும் அப்படியே. போல்ட்டும் உருளையும் தனியாக இருக்கும்போது சட்டப்படி துப்பாக்கி ஆகா. அவற்றை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றப் படிவமும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம்.

3. நோரீனின் வழக்கம் இதை வைத்துத்தான் உண்டானது. இந்த மாவட்டத்தில் யாருக்காவது மனசு இருண்டு போனால், அவர் வீட்டுக்கு நோரீன் போவார். போல்ட்டை உருவிக்கொண்டு வருவார். துப்பாக்கி சுவரில் அதன் ஆணியிலேயே தொங்கும். வீட்டுக்கு வருகிறவர் பார்த்தால் எல்லாம் வழக்கம்போல் இருக்கும். அந்த மனிதரின் மானம் போகாது, ஹோட்டலில் பேச்சு வராது, எந்தக் காகிதத்திலும் பெயர் ஏறாது. போல்ட் மட்டும் நோரீன் கடையின் குளிர் அறைக்குப் பின்னால் உள்ள இரும்பு அலமாரியில், ஒரு காப்பி டப்பாவில் தூங்கும். இருபத்திரண்டு ஆண்டுகளாக இது நடக்கிறது. அந்த அலமாரிக்குள் போய் வந்த போல்ட்டுகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. அவற்றின் சொந்தக்காரர்கள் இன்று சந்தையில் என்னோடு மாட்டு விலை பேசிக்கொண்டு நிற்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

4. டப்பாக்களில் அவர் பெயர் எழுதுவதில்லை. கறியின் பாகங்களை எழுதுவார். தங்கள் அறிவிப்பில் அந்தப் பட்டியல் உள்ளது: நாக்கு, விலா, தொடை, கழுத்து, ஈரல், வால். படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். என் டப்பாதான் ‘நாக்கு’. முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்கு ரோஷம் வந்து கேட்டேன். நோரீன் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னதை அப்படியே தருகிறேன்: “உன்கிட்ட பெருசா இருக்கறது அதுதானேய்யா. வேற என்னத்த எழுத?”

5. என் நாக்கு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சான்றும் தரவேண்டியுள்ளது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், பிப்ரவரியில், தலைநகர் ஹெலெனாவில் சட்டமன்றக் குழு ஒன்றின் முன் நான் பதினோரு நிமிடம் பேசினேன். தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்ளக்கூடும் என்று அஞ்சப்படுகிறவரின் துப்பாக்கிகளை நீதிபதி ஆணையிட்டு எடுக்கலாம் என்ற மசோதாவை எதிர்த்து. அப்போது நான் சொன்னது: “எங்க ஊர்ல ஒருத்தனுக்கு மனசு சரியில்லைன்னா பக்கத்து வீட்டுக்காரங்க பாத்துக்குவாங்க. அதுக்கு நீதிபதியும் வேணாம், போலீஸும் வேணாம். பக்கத்து வீடு போதும்.” கைதட்டல் கூரையைத் தூக்கிவிட்டது. என் சங்கத்தார் என் முதுகில் தட்டியதில் இரண்டு நாள் முதுகு வலித்தது.

6. அன்று நடைவழியில் ஒரு பெண்மணி என்னை நிறுத்தினார். மசோதாவை ஆதரித்துப் பேசியவர், போஸ்மனில் இருந்து வந்தவர், தன் அண்ணனைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவர். சண்டைக்கு வரவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: “பக்கத்து வீடே இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க, மிஸ்டர் ஹௌகன்?” நான் சொன்னேன்: “எங்க ஊருக்குக் குடிவரச் சொல்லுங்க.” என் ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த அம்மாவின் முகவரி என்னிடம் இருந்திருந்தால் இம்மனுவின் நகல் ஒன்றை அவருக்கும் அனுப்பியிருப்பேன்.

7. திரும்பி வரும்போது என் டிரக்கில் நோரீன்தான் பக்கத்தில் இருந்தார். அவரும் மசோதாவை எதிர்த்தவரே. வழியில் ஒரு ஹோட்டலில், பழம் வைத்துச் சுட்ட ‘பை’ சாப்பிட நிறுத்தினோம். நான் என் பேச்சையே மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “பேச்செல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பாத்துக்குவாங்க, பாத்துக்குவாங்கன்னு சொன்னியே, பாத்துக்கறது யாருன்னு ஒருத்தன்கூடக் கேக்கலியே.” நான் கேட்காதது போல இன்னொரு துண்டு பை வாங்கினேன். செர்ரி பை.

8. இந்த ஆண்டு ஏப்ரல் ஒன்பதாம் தேதி என் தம்பி ஓர்வில் இறந்தான். தாங்களே வந்திருந்தீர்கள். வடக்கு வேலியைப் பார்க்கப் போனவன், ஓடைப்பள்ளத்தில் பண்ணைக்குள் ஓட்டும் சிறிய நான்கு சக்கர வண்டி புரண்டு அதனடியில் கிடந்தான். தேடிப் போனவன் நான். நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே அடுப்பில் காப்பி போட்டுக் குடித்தோம். அவன் பேசமாட்டான், நான் நிறுத்தமாட்டேன். அன்று சேறாக இருந்ததால் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனான். அவனுடைய தோல் பூட்ஸ் வாசல் கதவுக்குப் பக்கத்தில் நின்றது. அதை நான் தொடவில்லை.

9. அடக்கம் முடிந்த மறு வாரம் நோரீன் வந்தார். கையில் உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் போட்டு அடுப்பில் சுட்ட பாத்திரம். ஊரே அப்படி ஏதாவது கொண்டுவந்தது, ஐயா. என் ஃப்ரிட்ஜில் பதினான்கு பாத்திரங்கள் இருந்தன. எல்லாரும் “தைரியமா இரு லெலண்ட்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் அதைச் சொல்லவில்லை. பாத்திரத்தை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

“அந்த மூணையும் இறக்கு. துருப்பிடிச்சிருக்கும், நான் பாக்கறேன்” என்றார்.

“துருவா? என் துப்பாக்கிலயா? வாயக் கழுவு நோரீன்” என்றேன்.

“சரி, துரு இல்ல. இருந்தாலும் இறக்கு.”

இறக்கினேன். ஏன் இறக்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த ஒரு வாரமும் நான் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் அதிசயம். மூன்று போல்ட்டுகளையும் உருவினார். மேசை இழுப்பறையில் இருந்த என் அப்பாவின் கைத்துப்பாக்கியை நான் சொல்லாமலே எடுத்து உருளையைக் கழற்றினார். நான்கையும் ஒரு மாவுச்சாக்குத் துணியில் சுற்றினார். ரைபிள்களைத் திரும்ப அதே ஆணிகளில் மாட்டி, சரிந்திருந்த ஒன்றை நேராகவும் வைத்தார்.

10. அதன்பின் ஒரு தாளையும் பென்சிலையும் என் முன்னால் வைத்தார். இது அவருடைய வழக்கத்தில் முக்கியமான பாகம். வழக்கறிஞர் அவர்கள் கவனிக்கவும். எப்போது திருப்பித் தருவது என்பதை நோரீன் முடிவு செய்வதில்லை. கொடுப்பவரே தன் கையால் எழுதவேண்டும். “நான் எழுத மாட்டேன். நாளைக்கு யாரையாவது திட்டணும்னு தோணிச்சுன்னா உன் கையெழுத்தயே திட்டு” என்றார். நான் எழுதியது இது:

“ஓர்வில்லின் பூட்ஸை வாசலிலிருந்து நான் எடுத்த பிறகு கேட்டால் தா. அதற்கு முன்னால் நானே வந்து கேட்டாலும், கெஞ்சினாலும், கத்தினாலும் தராதே. – லெ. ஹௌ.”

அந்தச் சீட்டு துணிக்கு உள்ளே மடித்து வைக்கப்பட்டுள்ளது. டப்பா தற்போது தங்கள் அலமாரியில் உள்ளது. ‘நாக்கு’ என்று ஒட்டிய டப்பாவை மட்டும் திறந்து, துணியைப் பிரித்துப் பார்த்தால் இவ்வழக்கு அந்த நிமிடமே முடிந்துவிடும். மற்ற டப்பாக்களில் உள்ள துணிகளைப் பிரிக்க வேண்டாம். கைகூப்பிக் கேட்கிறேன்.

11. அக்டோபர் 21 அன்று நடந்ததற்கு வருகிறேன். காலை பத்து மணி. நோரீன் ரப்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, யாரோ வில்வேட்டையில் அடித்துக் கொண்டுவந்த மானைத் தொங்கவிட்டுத் தோலை உரித்துக்கொண்டிருந்தார். ஒரு முழு மானை அவர் உரித்து முடிக்கப் பதினெட்டு நிமிடம்தான். கத்தி எங்கே போகிறது என்றே தெரியாது. தோலில் ஒரு ஓட்டை விழாது. அன்று அந்தக் கையைப் பார்த்து ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

“சனிக்கிழமை துப்பாக்கி சீசன் ஆரம்பம். என் டப்பாவக் குடு” என்றேன்.

“பூட்ஸ எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன்.”

அவர் கத்தியை நிறுத்தவில்லை. “எடுத்து எங்க வெச்ச?” என்றார்.

ஐயா, பரணில் வைத்தேன் என்றிருக்கலாம். தேவாலயத்தில் கொடுத்துவிட்டேன் என்றிருக்கலாம். ஹெலெனாவில் பதினோரு நிமிடம் ஓடிய வாய் இது. பொய்யில்கூட அந்த பூட்ஸை வைக்க எனக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.

12. பொய்கூடக் கிடைக்காதவனுக்குக் கோபம்தானே வரும். வாய்க்கு வந்தபடி கத்தினேன். “என் சொத்து! அரசியல் சட்டம் எனக்குக் குடுத்த உரிமை! அதத் தடுக்க நீ என்ன பெரிய நீதிபதியா?” என்றேன். கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்களைச் சாட்சிக்கு அழைக்கலாம்.

நோரீன் இப்போது கத்தியை வைத்தார். “நீதிபதி இல்லப்பா. பக்கத்து வீட்டுக்காரி. பக்கத்து வீடே போதும்னு சொல்லி ஹெலெனால கைதட்டு வாங்கினது நீதானே? இந்தா, வந்திருக்கேன். பாத்துக்கறேன். இப்போ ஏன் கசக்குது?”

சொல்லிவிட்டுத் திரும்பவும் கத்தியை எடுத்தார். தோலில் ஓர் ஓட்டை விழுந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் கத்தியால் ஓட்டை விழுந்து நான் பார்த்ததில்லை. பார்த்துவிட்டும் நேராகத் தங்கள் அலுவலகத்துக்குத்தான் வண்டியை ஓட்டினேன்.

13. புகாரை வாங்கிய துணை ஷெரீஃப் மீது ஒரு தவறும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். “நோரீன் மேலயா? நம்ம நோரீன் மேலயா? ஒரு காப்பி குடிச்சிட்டு யோசிங்க லெலண்ட்” என்று மூன்று தரம் சொன்னார். சட்டம் என்றால் எல்லாருக்கும் சட்டம்தான், எழுது என்று மேசையைத் தட்டினேன். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தத்தை முழுவதுமாகப் புகாரில் எழுதினேன். இரண்டு முறை.

14. டப்பாக்களை எடுக்கத் தங்கள் ஆட்கள் நோரீன் கடைக்குப் போனபோது நடந்ததை அந்தத் துணை ஷெரீஃப் வாயாலேயே பின்னர் கேட்டேன். இது உங்களுடையதா என்று கேட்டதற்கு நோரீன் “இல்ல” என்றிருக்கிறார். யாருடையது என்றதற்கு “சொல்ல மாட்டேன்” என்றிருக்கிறார். அவ்வளவுதான். ‘அந்தத் துணியைப் பிரித்துப் பாருங்கள்’ என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் திருட்டுப் பட்டம் அங்கேயே கழன்றிருக்கும். சொல்லவில்லை. சொன்னால் லெலண்ட் ஹௌகன் எந்த நிலையில் அந்தச் சீட்டை எழுதினான் என்பது வெளியே வரும். என் மானத்தைக் காப்பாற்றத் தன் பெயரில் சேற்றை வாங்கிக்கொண்டு நின்றார், அதுவும் சேற்றை வாரி இறைத்தவனுக்காக. எனக்கு வயது அறுபத்து மூன்று. இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப் போவதுமில்லை. சொந்தத் தங்கை இருந்திருந்தால்கூடச் செய்திருப்பாளா என்று யோசிக்கிறேன்.

15. பட்டியலில் ஏழாவதாக ‘காலி டப்பா – 1’ என்று உள்ளது. அது குப்பை அல்ல. தூக்கி எறிந்துவிட வேண்டாம். அது நோரீனின் கணவர் ரேயுடையது. ஹெலெனாவிலிருந்து திரும்பும் வழியில் ஒரே ஒரு முறை சொன்னார்: “அவன்கிட்டயும் போல்ட்டக் குடுன்னு கேட்டேன். சிரிச்சான். அவன் சிரிக்கறானேன்னு நானும் சேந்து சிரிச்சிட்டேன்.” இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ரே எப்படிப் போனார் என்பது இந்த ஊருக்கே தெரியும். அன்றிலிருந்து நோரீன், யார் சிரித்தாலும் கூடச் சேர்ந்து சிரிக்காமல் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தக் காலி டப்பா எப்போதும் மேல் தட்டில்தான் இருக்கும்.

16. இப்போது அவசரத்துக்கு வருகிறேன். நவம்பர் 12 முதல் உரிமையாளர்கள் அடையாளம் காட்டித் தத்தம் பாகங்களைப் பெற்றுக்கொள்ளலாம் என்று தங்கள் அறிவிப்பு சொல்கிறது. விதிப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் ஐயா, அந்த டப்பாக்கள் எதற்காக மூடப்பட்டன என்று தெரியாமல் திறந்துவிடப் போகிறீர்கள்.

17. அறிவிப்பு ஒட்டிய மறுநாள், செவ்வாய்க்கிழமை, பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். பெயர் சொல்லமாட்டேன். ‘விலா’ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சங்கத்தின் செயலாளர், உரிமை பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று என்னிடம் ஆலோசனை கேட்க வந்தவர். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே கேட்டார்: “லெலண்ட், போய் வாங்கிக்கலாமாமே? ஒரு மனசு போய் வாங்கிக்கடாங்குது. இன்னொரு மனசு அத நெனச்சாலே பயப்படுது. நீ சொல்லு. வாங்கிக்கறது என் உரிமைதானே?”

உரிமைதான். செயலாளராக இருக்கும் பத்தொன்பது ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கு நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அன்று வாயில் வந்தது வேறு: “என் வடக்கு வேலி ஏப்ரல்லேர்ந்து அறுந்து கெடக்குது. தனியா அந்தப் பக்கம் போக எனக்குத் தைரியம் இல்ல. கூட வர்றியா?” வந்தார். மூன்று நாட்களாக அவர் என் வீட்டில்தான் இருக்கிறார். காலையில் இருவரும் மாடுகளுக்கு வைக்கோல் போடுகிறோம், பிறகு வேலி கட்டுகிறோம். என் காப்பி பாத்திரம் கழுவிய தண்ணீர் போல் இருக்கிறதாம். அப்படிச் சொல்லிக்கொண்டே மூன்று கோப்பை குடிக்கிறார். இன்னும் நான்கு டப்பாக்கள் இருக்கின்றன ஐயா. அந்த நான்கு பேர் யாரென்று எனக்குத் தெரியாது, அவர்களிடம் போக எனக்கு வழியில்லை. நோரீனுக்கு மட்டுமே தெரியும். நோரீன் கடைக்குத் தாங்கள் முத்திரை வைத்திருக்கிறீர்கள்.

18. இதைப் படித்துவிட்டு லெலண்ட் ஹௌகன் கட்சி மாறிவிட்டான் என்று யாரும் ஹோட்டலில் பேச வேண்டாம். நீதிபதி ஆணை மசோதா திரும்பவும் வந்தால் திரும்பவும் ஹெலெனாவுக்குப் போவேன். முன்பின் தெரியாத ஒருவர் காகிதத்தோடு வந்து ஒருவன் வீட்டுச் சுவரிலிருந்து துப்பாக்கியை இறக்குவதை என்னால் ஏற்கமுடியாது. ஆனால் அடுத்த முறை பேசும்போது ‘பார்த்துக்குவாங்க’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லமாட்டேன். பார்த்துக்கொள்வது எவ்வளவு கடினம், பார்த்துக்கொள்கிறவரை நாம் என்ன பாடு படுத்துகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். பதினோரு நிமிடம் போதாது. அந்தப் போஸ்மன் அம்மாவின் கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை, அதையும் அங்கேயே ஒப்புக்கொள்வேன்.

19. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

(அ) திருமதி நோரீன் வாசெக் மீதான எனது புகாரை நான் திரும்பப் பெறுவதை ஏற்று, அவர் மீது 14ஆம் தேதிக்கு வைத்துள்ள விசாரணையை ரத்து செய்யவேண்டும். பொய்ப் புகார் கொடுத்ததற்குச் சட்டத்தில் தண்டனை உண்டு என்று அறிகிறேன். அதற்கு நான் தயார். வேலி வேலை மட்டும் பாக்கி, முடித்துவிட்டு வருகிறேன்.

(ஆ) கதவில் உள்ள அறிவிப்பை இம்மனு கிடைத்த அன்றே அகற்றவேண்டும். 12ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

(இ) கடையின் முத்திரையை நீக்கவேண்டும். சீசன் நடக்கிறது. ஊரார் ஐம்பது மைல் தாண்டிப் போய் மானைக் கொடுத்து, கந்தலாக வெட்டி வாங்கி வருகிறார்கள். யாரைத் திட்டுகிறார்கள் என்று தாங்கள் அறிவீர்கள்.

(ஈ) ஏழு டப்பாக்களையும், காலி டப்பா உட்பட, யார் பெயரையும் எங்கும் எழுதாமல் நோரீனிடம் ஒப்படைக்கவேண்டும். முடிந்தால் தாங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் நன்றாயிருக்கும். நான் கொண்டுபோனால் கதவைத் திறப்பாரா என்று தெரியவில்லை.

20. கடைசியாக என் டப்பா பற்றி. புகாரில், வேட்டை சீசனுக்காக என் பாகங்கள் தேவைப்படுகின்றன என்று எழுதியிருந்தேன். தாங்கள் வேட்டைத் துறைக்கு ஒரு தொலைபேசி செய்தால் தெரிந்துவிடும், ஆகவே நானே சொல்கிறேன். நாற்பத்தோரு ஆண்டுகளில் முதல் முறையாக இந்த ஆண்டு நான் மான் வேட்டைச் சீட்டு வாங்கவேயில்லை. அன்று நோரீனிடம் நான் போல்ட்டைக் கேட்டது மான் சுட அல்ல. இதற்கு மேல் எழுத்தில் வேண்டாம் என்று நினைக்கிறேன். அவர் கொடுத்திருந்தால் இம்மனுவை எழுத ஆள் இருந்திருக்காது. இதை அவரிடம் நேரில் சொல்லத்தான் ஆசை. அந்தத் துணிச்சல் வரும்வரை தங்கள் கோப்பிலாவது இருக்கட்டும்.

21. சட்டப்படி அந்த நான்கு பாகங்களும் என் சொத்து. உரிமையாளன் என்ற முறையில் அவற்றை என்னிடம் ஒப்படைக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டு, வாங்கிக்கொள்ள எனக்கு முழு உரிமையும் உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தியே கேட்கிறேன்: என்னிடம் தராதீர்கள். நானே நேரில் வந்து கேட்டாலும், கெஞ்சினாலும், கத்தினாலும், இரண்டாம் திருத்தத்தை மூன்றாம் முறை எழுதிக் கொடுத்தாலும் தராதீர்கள். சீட்டோடு சேர்த்து நோரீனிடம் கொடுங்கள். சீட்டில் எழுதிய நிபந்தனை இன்னும் நிறைவேறவில்லை. அதற்கான சான்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்து,
வாய் அடங்கிய,
லெலண்ட் ஹௌகன்
(கையொப்பம்)

இடம்: டன்மோர்
நாள்: 7.11.2019

இணைப்பு:
1. புகார் பெற்றுக்கொண்டதற்குத் தங்கள் அலுவலகம் தந்த ரசீது.
2. என் வீட்டு வாசலின் புகைப்படம், இன்று காலை எடுத்தது. கதவுக்கு இடப்பக்கம் நிற்பவை ஓர்வில்லின் பூட்ஸ்.